நாற்காலிக் கணக்கு

செவ்வாய் இரவு ஏழரை.
டான்டினோங் மண்டபத்தில்
நாற்பது நாற்காலி விரிப்பது என் வேலை.
பெயர்ப் பட்டியலில் முப்பத்தொரு பேர்.
வருவது ஒன்பது.
மிச்சத்தின் நீல முதுகுகளைப் பார்த்துத்தான்
தலைவர் சிற்சபேசன் வரவேற்புரை சொல்வார்.
"வருகை திருப்தி" என்று
செயலாளர் நான் எழுதி வைப்பேன்.

நிரோஜினியிடமிருந்து மாதாமாதம் ஒரே செய்தி:
மன்னிக்கவும், இரவுப் பணி.
பதினான்கு மன்னிப்புச் சேர்ந்த பிறகு
பதினைந்தாவதில் ஒரு கேள்வி இருந்தது.
"இந்தப் பக்கம் ஐந்து பேர் இருக்கிறோம்.
காலை ஆறரைக்குத்தான் கை ஒழிகிறது.
கிளைட்டில் நாங்கள் தனியாகக் கூடலாமா,
கழகத்தின் பெயரிலேயே?"

அன்றைக்கு ஹீட்டர் போடாமலே
மண்டபம் சூடானது.
இருப்பதே ஒரு கைப்பிடி, அதையும் பிரிப்பதா,
பிறகு கொடி யாரிடம், வங்கிக் கணக்கு யாரிடம்,
அவர்கள் தனிக் கடை போட்டுவிட்டால்?
வாழையடி வாழை என்று யாரோ தொடங்க,
"மெல்பன் குளிரில் வாழை குலை தள்ளாது.
என் வளவில் ஆறு வருடமாய் இலை மட்டும்தான்"
என்று வெட்டினார் பொருளாளர் அருளப்பு.

"கன்று வைத்ததா?" கோமளா கேட்டாள்.

"அதுக்கென்ன குறை. வேலிக்கு அடியால போய்க்
கெவின் வீட்டுப் புல்லுக்குள்ளேயும்..."
அவர் பாதியில் நிறுத்தினார்.
ஐந்துக்கு நான்கு. தீர்மானம் நிறைவேறியது.

கொடுத்தது: இருநூறு டாலர்,
மூடி வெடித்த எஸ்கி ஒன்று,
சாசேஜ் சுடும் தட்டு,
பத்து நாற்காலி.
என் கொரொல்லாவில் மூன்று நடை.
கேட்டது: மாதம் ஒரு அறிக்கை.

முதல் அறிக்கை வந்தது, பன்னிங்ஸ் ரசீதின் முதுகில்:
இரவு டயாலிசிஸ் முடிந்த மூவரை வீட்டில் விட்டோம்.
ஒருவருக்கு வழியில் வாந்தி. கார் கழுவியாச்சு.
அடுத்த சனி நால்வர்.

வரவேற்புரை இல்லை. நன்றியுரை இல்லை.
முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார்?
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்,
எங்கே தொடங்குவது என்று தெரியாமல்
மூடினேன்.
ரசீதை அப்படியே கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டினேன்.

மேற்பார்வைக்கு என்று ஒரு சனிக்கிழமை போனேன்.
பேக்கரிக்குப் பின்னால் கார் தரிப்பிடம், மூடுபனி.
எங்கள் நாற்காலிகள் வட்டமாக நின்றன.
தாதியர் மூவர்,
டாக்சி ஓட்டும் குர்தீப்,
துணியில் சுற்றிய ரொட்டியோடு ஹமீதா,
காரில் சிவப்பு 'பி' ஒட்டிய ஒரு பெடியன்.
எனக்கு இருக்கை தரவில்லை.
சாவி தந்தார்கள்.
"பாக்கனம் வரை போவீர்களா?
ஹாரிஸுக்கு இடது கையில் கட்டு.
பெல்ட்டை நீங்களே போட்டுவிடுங்கள்."

பத்தொன்பது வருடம்
சேவை, சேவை என்று எழுதிய கை.
கொளுவி முடிக்க மூன்று தரம் தவறியது.
ஹாரிஸ் ஒன்றும் சொல்லவில்லை,
வழியெல்லாம் தூங்கினார்.

பிறகு எண்டெவர் ஹில்ஸ் தாய்மார் கேட்டார்கள்,
புதன் காலை பத்து மணிக்கு,
தள்ளுவண்டிப் பிள்ளைகளோடு. எட்டு நாற்காலி.
பிறகு மொனாஷ் மாணவர். பத்து.
அவர்கள் எப்போது கூடுகிறார்கள் என்று
எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

செவ்வாய் இரவு இப்போது பன்னிரண்டு விரிக்கிறேன்.
வருவது அதே ஒன்பது, அதே இருமல்.
சிற்சபேசன் பழக்கத்தில்
பின்வரிசையைப் பார்த்துத்தான் பேசுகிறார்.
அங்கே சுவர்.

அருளப்பு கிளைட்டுக்கு
ஈரப் பத்திரிகையில் சுற்றி ஒரு கன்று கொண்டுபோனாராம்.
காய்க்காது என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

வருடாந்த அறிக்கையை விரித்து வைத்து
"மொத்த வருகை, என்ன போட?" என்கிறார்.
பேனாவை மூடும், ஐயா.
சனிக்கிழமை கழியட்டும்.